இது நீங்கள்தானா என்று கேட்கிறது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல, மாடிப்படியில் விழுந்தது. என்னோடு சேர்ந்து விழுந்தது.

கீழ்வீட்டில் ஒரு குரல் "இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொன்னது. யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் காதை முன்னால் அனுப்பினேன். கால் பின்னால் வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு படி காணாமல் போய்விட்டது. என் முன்பற்கள் இரண்டும் கைப்பிடிக் கம்பியோடு போயின.

சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி என் தலையைத் தாங்கினாள். இன்னொருத்தி படியில் குனிந்து பல்லைத் தேடினாள். தலையைத் தாங்கியவளை இந்தக் கதையில் அண்ணி என்போம். பல்லைத் தேடியவள் அவளுடைய நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்றால் அதில் என்ன கதை இருக்கிறது, அது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி என்று நீங்கள் புத்தகத்தை மூடப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த இரண்டு பேருக்கும் தொழில் பல்.

(பல் மருத்துவர்கள் இல்லை. மருத்துவர் வாயை ஒரு கருவியால் படம் பிடித்து லேபுக்கு அனுப்புவார். லேப் அதை இவர்களுக்கு அனுப்பும். இவர்கள் வீட்டில் உட்கார்ந்து, போன பல்லுக்குப் பதில் வரவேண்டிய பல்லைக் கணினித் திரையில் செதுக்கித் திருப்பி அனுப்புவார்கள். நம் ஊர் வாயெல்லாம் அந்த வீட்டு முன்னறையில்தான் திறந்து கிடக்கிறது. எனக்கு அந்த வீட்டின் மேல் ஏன் அத்தனை ஈடுபாடு என்று இனிக் கேட்காதீர்கள்.)

பல்லைத் தேடியவள் அன்றைக்கே பெட்டியோடு போய்விட்டாள். சொன்ன மாதிரியே வாசப்படி மிதிக்கவில்லை. என் ஈறு ஆறப் பல மாதம் ஆனது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை.

2

இதை எப்படித் தொடங்குவது என்பதில் எனக்கும் எனக்குமே ஒத்துப்போகவில்லை. எழுதிக் கிழித்ததை ஒட்டிவைத்திருக்கிறேன்.

முதல் முயற்சி: "நீலத் திரை ஒளிர்ந்தது. அதன் முன்னால் ஒரு பெண், தன் வாழ்க்கையின்—"

வேண்டாம். "தன் வாழ்க்கையின்" என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் நல்லபடியாக முடிந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் முயற்சி: "கணினி பழுதுபார்ப்பவர் திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு..."

இதில் இரண்டு பக்கம் வரை ஓடினேன். அவரைத்தான் நாயகனாக வைத்திருந்தேன். தெருவில் அவருக்கு 'ஆறப்போடு' என்று பெயர். எந்த இயந்திரத்தைக் கொண்டுபோனாலும் முதலில் "ஆறப்போட்டுப் பாக்கலாம்" என்பார். நல்ல மனிதர், கைராசிக்காரர். ஆனால் இந்தக் கதையில் அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. இழக்க ஒன்றுமில்லாதவரை நாயகனாக்கினால் கதை பஞ்சுமெத்தையில் உட்கார்ந்த மாதிரி சுகமாக இருக்கும், எழுந்திருக்காது. ஆகவே நடுவில் இருந்த அவரைக் கழற்றி எடுத்துவிட்டு அண்ணியைப் பொருத்தினேன். உடனே மற்ற பாத்திரங்களெல்லாம் "நீ யாரு, இந்த வீட்ல உனக்கு என்ன வேலை" என்று என்னையே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். அந்தக் கணினிக்கும் அன்றைக்கு அதேதான் நடந்தது.

3

மின்சாரம் போய்ப்போய் வந்த ஒரு வாரத்துக்குப் பிறகு, அண்ணியின் கணினி மூச்சுப்பேச்சில்லாமல் ஆகிவிட்டது. ஆறப்போடு வந்தார், ஆறப்போட்டார், திறந்தார், மோந்து பார்த்தார். மதர்போர்டு கருகியிருந்தது. அகராதிக்காரர்கள் தாய்ப்பலகை என்பார்கள். கணினியின் மற்ற உறுப்புகளெல்லாம் அதன் மடியில்தான் உட்கார்ந்திருக்கும். புதிய பலகை வாங்கிவந்து பொருத்தினார். விசிறி சுற்றியது. அண்ணி பெருமூச்சு விட்டாள். நான், போன பற்களின் இடத்துக்கு அண்ணி செய்துகொண்டிருந்த என் இணைப்புப்பல் (பிரிட்ஜ்) என்ன ஆயிற்று என்று கேட்கப் போனவள், வாயைக் கையால் மூடியபடி கதவோரம் நின்றிருந்தேன்.*

அப்போதுதான் திரை நீலமாகி, சாவி கேட்டது.

"என்னது இது?" என்றாள் அண்ணி.

"வட்டு, அதான் ஹார்ட் டிஸ்க், பூட்டியிருக்கு மேடம். பழைய போர்டுல ஒரு சிப்பு இருந்துச்சு. அதுதான் தினமும் உங்களுக்காகப் பூட்டத் தொறந்துவிட்டுட்டு இருந்துச்சு. இப்ப தாய மாத்திட்டோம்ல, பிள்ளைக்கு ஆள் அடையாளம் தெரியல. ஏதோ திருடன் வட்டக் கழட்டிட்டு வந்துட்டான்னு நெனைக்குது."

"நான்தான்னு சொல்லுங்க அதுகிட்ட."

"அதுக்குத்தான் சாவி கேக்குது. ஆறாறா எட்டுக் கட்டு எண். முதல்முதல்ல இந்த மெஷின யாரு கணக்குல தொறந்தாங்களோ, அந்தக் கணக்குல பத்திரமா இருக்கும்."

அண்ணி நாற்காலியை மேசையை விட்டுத் தள்ளிக்கொண்டாள்.

"இது தொறந்த பிறகு இன்னொண்ணு இருக்கு. புது போர்டு வந்ததால சிஸ்டத்தோட லைசென்ஸ் பதிவு செத்துப்போச்சு. 'பாகத்த மாத்தினேன், இது அதே மெஷின்தான்'னு அதே கணக்குலருந்து சொன்னாத்தான் உயிர் குடுப்பான். உங்க பல்லு சாப்ட்வேர் பதிவில்லாத சிஸ்டத்துல வாயத் தொறக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க. ஆக வாசல் ரெண்டு, சாவிக்காரர் ஒருத்தர். யார் கணக்கு மேடம்?"

"புதுசா ஒரு பதிவு வாங்கிட்டா?"

"ரெண்டாவது வாசலுக்கு வாங்கலாம். மொத வாசலுக்கு எந்தக் கடையிலயும் சாவி விக்கிறதில்ல. அது இல்லன்னா வட்ட அழிச்சுட்டுப் புதுசா ஏத்தலாம். வெறும் மெஷின் கிடைக்கும்."

வெறும் மெஷின். அண்ணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாண நாளில்கூட அவள் இவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருக்க மாட்டாள்.

அந்த வட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் அதைப் 'பல் பெட்டி' என்பார்கள். ஒவ்வொரு வாய்க்கும் பல்லைப் புதிதாகச் செதுக்கினால் கட்டுபடியாகாது. அடிப்படை வடிவம் ஒன்றை எடுத்து, வாய்க்கேற்ப நீட்டிக் குறுக்கிச் சீவித்தான் அனுப்புவார்கள். அந்த அடிப்படை வடிவங்களை இருவரும் வருஷக்கணக்கில் உருவாக்கியிருந்தார்கள். அண்ணியின் கை கடவாய்ப்பல்லில் கெட்டி. மேடு பள்ளம், அரைக்கும் தடம், எதிர்ப்பல் வந்து உட்காரும் குழி எல்லாம் அவள் செதுக்கினால் அச்சு அசல். முன்பல் நாத்தனாருக்கு. முன்பல் சாப்பிடுவதற்கல்ல, சிரிப்பதற்கு என்பாள் அவள்.

அந்தப் பெட்டி போனால் அண்ணியின் கை போன மாதிரி. அன்று சாயங்காலம் லேப் மூடுவதற்குள் அனுப்பவேண்டிய வாய்கள் வரிசையில் நின்றன. ஏற்கனவே ஒரு முறை தாமதமாகி, "இன்னொரு தடவைன்னா வேற ஆளப் பாத்துப்போம்" என்று லேப் சொல்லியிருந்தது. வரிசையில் கடைசி வாய் என்னுடையது.

பிரதி எடுத்து வைத்திருக்கக்கூடாதா என்று கணினி தெரிந்த வாசகர் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. (என் காதில் எதுதான் விழாது.) ஒளித்துவைத்த பொருளுக்கு யாரும் பிரதி எடுப்பதில்லை ஐயா. அது ஏன் ஒளித்துவைத்த பொருள் என்பது அடுத்த பகுதியில்.

* ஆறப்போடு என்னைப் பார்த்து "உள்ள வந்து உக்காருங்க பெரியம்மா" என்றார். இக்கதை நெடுக அவர் என்னை 'அக்கா' என்றே அழைப்பதாகத் திருத்தியிருக்கிறேன். எழுதுகிறவளுக்கு இந்த அளவுகூட உரிமை இல்லையென்றால் எப்படி.

4

நாத்தனாரை நான் நெடுநாள் நம்பவில்லை. ஒரு பாத்திரமாகச் சொல்கிறேன். பல்லுக்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா? பாகப்பிரிவினை, காதல், சமையலறை, இப்படி ஒரு நல்ல காரணமாகக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு வரைவுகள் எழுதிப் பார்த்தேன். காதலனாக ஒருவரை வரவழைக்கக்கூடச் செய்தேன். அவர் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குக் கதையில் வேலை இல்லை.

நடந்தது இதுதான். முன்பல்லுக்கு அடிப்படை வடிவம் தேவைப்பட்டபோது நாத்தனார் தன் வாயையே படம் பிடித்து அதிலிருந்து எடுத்தாள். அழகான வரிசை. ஒரே ஒரு அடையாளம். இடது முன்பல்லின் வெளியோரம் அரிசிமுனை அளவு கீழே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் அவள் சிரிப்புக்கு ஒரு குறும்பைக் கொடுக்கும். எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டமாதிரி. அதைச் சீவிவிடலாம் என்று அண்ணி சொன்னபோது, "அது இருக்கட்டும் அண்ணி, அப்பதான் உண்மையான பல்லு மாதிரி இருக்கும்" என்று சொன்னது நாத்தனார்தான்.

லேபுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த வடிவத்தையே கேட்டார்கள்.

பிறகு ஒரு நாள் பேருந்தில் எதிர் இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண், குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். நாத்தனார் அங்கே தன் சிரிப்பைப் பார்த்தாள். அரிசிமுனைச் சாய்வோடு. அப்புறம் பழக்கடையில் ஒருவர். அப்புறம் வங்கியில், வரிசையில் முன்னால் நின்றவர். "கண்ணாடிய ஒடச்சு ஊரெல்லாம் எறிஞ்சமாதிரி இருக்கு அண்ணி" என்றாளாம். (இது மாடிப்படிக்கு முந்தைய வாரம். ஜன்னல் வழியாக வந்தது.)

அண்ணி என்ன சொன்னாள் தெரியுமா? "நல்லதுதான, நாலு பேர் நல்லாச் சிரிக்கட்டும்."

இப்போது நான் நாத்தனாரை நம்புகிறேன். ஒருவர் குரலில் இன்னொருவர் பேசினால் அதை மிமிக்ரி என்று கைதட்டுகிறோம். ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் போட்டால் போலீஸுக்குப் போகிறோம். சிரிப்பு இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று இதுவரை யாரும் முடிவு செய்ததாகத் தெரியவில்லை. அவள் முடிவு செய்தாள். "என் பல்ல அழிச்சிடுங்க. உங்க வாய்லருந்து எடுத்துக்கங்க, யாரோ ஒருத்தர் வாய்லருந்து எடுத்துக்கங்க." அண்ணி, கையில் இருக்கும் வேலை முடியட்டும் என்றாள். அது முடிந்ததும் அடுத்த வேலை வந்தது. அதற்கடுத்தது வந்தபோதுதான் வாசப்படிப் பேச்சு வந்தது, நானும் விழுந்தேன்.

போன பிறகு நாத்தனார் ஒரே ஒரு தடவை தொலைபேசியில் கேட்டாள். அண்ணி சொன்ன பதில்: "அழிச்சாச்சு. அந்த கம்ப்யூட்டரயே தொடச்சு வித்தாச்சு. போதுமா?"

விற்கவில்லை. துடைக்கவில்லை. நாத்தனார் கணக்கில் பிறந்த அந்தக் கணினி அதே மேசையில், அதே முன்பல் பெட்டியோடு ஓடிக்கொண்டிருந்தது. தாய்ப்பலகை கருகும் வரைக்கும்.

ஆக இப்போது நிலைமை உங்களுக்குப் புரிந்திருக்கும். சாவி கேட்க நாத்தனாரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட கணமே பொய் வெளியே வந்துவிடும். கூப்பிடாவிட்டால் கடவாய்ப்பல்லும் சேர்ந்து போகும். மென்றால் தொண்டையில் சிக்கும், துப்பினால் மானம் போகும்.

5

(புருஷன் எங்கே என்று கேட்பீர்கள். அவர் இருந்தார். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவே மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு பாவமாக இருந்தார். மூன்றாவது வரைவில் அவரை வேலைக்கு அனுப்பிவிட்டேன். போகும்போது நிம்மதியாகப் போனார்.)

அண்ணி எண்ணை அழுத்தினாள். தட்டச்ச இரண்டு கையும் வேண்டும் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள். என்னை வெளியே போகச்சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"ம்."

"நான்தான்."

"தெரியுது. நான் யார் நம்பரையும் அழிக்கிறதில்ல."

"கம்ப்யூட்டர்ல போர்டு போச்சு. மாத்தியாச்சு. இப்ப பூட்டிக்கிட்டுச் சாவி கேக்குது. உன் கணக்குல இருக்குமாம்."

"எந்த கம்ப்யூட்டர்?"

ஆறப்போடு தன் பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். அந்தப் பையில் அவர் தேடுமளவுக்கு ஒன்றும் இல்லை.

"எந்த கம்ப்யூட்டர், அண்ணி?"

"நம்ம கம்ப்யூட்டர்தான்."

"அத தொடச்சு வித்தாச்சுன்னீங்க."

"சொன்னேன்."

"வித்தவங்க வீட்லருந்து பேசறீங்களா?"

விசிறி மட்டும் புதுப் பலகையின் உற்சாகத்தில் சுற்றியது.

"என் பல்லு உள்ள இருக்கா?"

இங்கே நிறுத்துகிறேன். கதை எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி லட்டு மாதிரி. மூன்று பதிலை எழுதிப் பார்த்தேன்.

முதல் பதிலில் அண்ணி "இல்ல, வேற ஆளுங்க வேலைங்கதான் இருக்கு" என்கிறாள். நாத்தனார் நம்பிச் சாவியைக் கொடுத்துவிடுகிறாள். கதை முடிந்துவிடுகிறது. ஆனால் அப்புறம் அண்ணி ஒவ்வொரு முன்பல்லையும் செதுக்கும்போது கதை மறுபடி மறுபடி தொடங்கும். எனக்கு அத்தனை தாள் இல்லை.

இரண்டாவதில் அண்ணி அழுகிறாள். அதைப் பார்த்து நாத்தனாரும் அழுகிறாள், ஆறப்போடு கண்ணைத் துடைக்கிறார். தொலைபேசியில் எப்படிப் பார்த்தாள் என்று கேட்காதீர்கள், அதனால்தான் அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் நாத்தனாருக்கு ஒரு விபத்து நடந்து அவளுடைய முன்பற்களே போயிருக்கின்றன. அவள் சிரிப்பு இப்போது இந்த வட்டுக்குள் மட்டும்தான்— சே. எவ்வளவு கச்சிதம் பாருங்கள். ஒரு பெண்ணின் பல்லைத் தட்டித்தான் என் கதைக்கு முடிவு வேண்டும் என்றால் நான் எழுத்தாளியா, ரௌடியா? அவள் பல் முப்பத்திரண்டும் அவள் வாயில் பத்திரமாக இருக்கின்றன. அதில்தான் தகராறே.

நடந்தது இது. அண்ணி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் தொலைபேசியிடம், அது ஒரு ஆள் மாதிரி, நேராகச் சொன்னாள்.

"இருக்கு."

"எல்லாமா?"

"எல்லாமும். ஒண்ணையும் தொடல. நீ போன பிறகும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்த சத்தம். யாரோ கதவைச் சாத்தினார்கள். நாத்தனார் இப்போது வேறொரு லேபில் வேலை செய்கிறாள். தனி இடம் தேடிப் போயிருக்க வேண்டும்.

"இன்னைக்கு யாருக்கு?"

"மேல்வீட்டு அக்காவுக்கு."

"யாரு, அந்த ஒட்டுக்கேக்கற அக்காவா?"

நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை. ஒரு மூலையில் கொஞ்சம் ஈரம்.

"அவங்களுக்கா என் சிரிப்பு?"

"அவங்க இங்கதான் இருக்காங்க" என்றாள் அண்ணி மெல்ல.

"இருப்பாங்க. அவங்க இல்லாம நம்ம வீட்ல எது நடந்திருக்கு."

லேபிலிருந்து அண்ணிக்கு இன்னொரு அழைப்பு வந்து தொலைபேசித் திரையில் மினுங்கியது. அவள் அதை எடுக்கவில்லை. மினுங்கி மினுங்கி நின்றது.

"எழுதிக்கங்க" என்றாள் நாத்தனார். "உள்ள உங்க கடவாய்ப்பல்லும் கெடக்கு. நீங்க கண்ணு போக உக்காந்து செஞ்சது. அது சாகக்கூடாது. அதுக்காகத்தான் தர்றேன். வேற எதுக்காகவும் இல்ல."

ஆறாறாகச் சொன்னாள். அண்ணி தட்டினாள். இரண்டு பேருக்கும் நடுவே எண்ணைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரு கட்டு முடிந்ததும் "ம்" என்பாள் இவள், அடுத்ததை எடுப்பாள் அவள். ஒரு காலத்தில் இருவரும் அளவுகளை இப்படித்தான் ஒருவர் சொல்ல ஒருவர் போடுவார்கள், நான் மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன். எட்டாவது கட்டின் கடைசி எண்ணில் அண்ணியின் விரல் தப்பாக விழுந்தது. ஆறப்போடு "மெதுவா மேடம், மெதுவா" என்றார். அழித்து மறுபடி போட்டாள்.

நீலம் போயிற்று. மேசைப் படம் வந்தது. பழைய கோப்புறைகள் ஒவ்வொன்றாக இடத்தில் வந்து உட்கார்ந்தன. கீழ் மூலையில், இயங்குதளம் செயல்படுத்தப்படவில்லை என்று மங்கலாக ஒரு வரி.

முதல் வாசல் திறந்துவிட்டது.

6

ஆறப்போடு இரண்டாவதைத் தொடங்கினார். நாத்தனாரின் கணக்கை இட்டார். கடவுச்சொல்லை நாத்தனார் சொல்லவில்லை, தேவையில்லை என்றாள், எல்லாம் தன் தொலைபேசிக்கு வரும் என்றாள். 'அண்மையில் இந்தக் கருவியின் பாகத்தை மாற்றினேன்' என்ற வரியைச் சொடுக்கினார்.

"வந்துடுச்சு" என்றாள் நாத்தனார் அந்தப் பக்கத்திலிருந்து. "இது நீங்கள்தானான்னு கேக்குது. ஆமா, இல்லன்னு ரெண்டு பொத்தான்."

"ஆமா அமுக்கிடுங்க அக்கா" என்றார் ஆறப்போடு, யாரை அக்கா என்கிறோம் என்று தெரியாமலே. "கொஞ்ச நேரந்தான் இருக்கும், அப்புறம் காலாவதி ஆயிடும்."

"அமுக்கறேன். அதுக்கு முன்னாடி அண்ணி, முன்பல் பெட்டிய அழிங்க. குப்பையில போட்டுட்டு விட்டுடாதீங்க, குப்பையிலருந்தும் அழிங்க. அழிச்சிட்டேன்னு சொல்லுங்க. நான் 'ஆமா, நான்தான்'னு அமுக்கறேன்."

அண்ணி எலிக்குச்சியை நகர்த்தினாள்.* கோப்புறை தெரிந்தது. அதற்குள் ஒரு சின்னப் படம், வரிசையாக ஆறு பற்கள், உதடில்லாமல் சிரித்தபடி. அதன் பக்கத்தில் என் வாய், முன்னால் ஓட்டையோடு. பாதி செய்துவைத்திருந்த இணைப்புப்பல் அந்த ஓட்டையில் அழகாக உட்கார்ந்திருந்தது. என் வாயை இவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

"இன்னைக்கு வேல ஒண்ணு இருக்கே" என்றாள் அண்ணி. சொன்னதும் தன் வாயைத் தானே கடித்துக்கொண்டாள். பழைய வாக்கியம் அது. இந்தச் சண்டையே அந்த வாக்கியத்தில்தான் தொடங்கியது.

"கையில இருக்கற வேல முடியட்டும், இல்லையா அண்ணி?"

"இல்ல" என்றாள் அண்ணி அவசரமாக. "இல்ல. நான் அழிச்சிட்டேன்னு சொன்னா நீ நம்புவியா? ஒரு தடவ சொல்லித்தான இவ்வளவும்."

இங்கே நாத்தனாருக்கு நான் ஒரு பதிலை எழுதிக்கொடுக்க முயன்றேன். 'நம்பிக்கை என்பது', என்று ஆரம்பித்து—

அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

"நீங்க சொல்ல வேணாம். அந்த அக்கா அங்கதான நிக்கறாங்க? அவங்க பாத்துச் சொல்லட்டும். அவங்க சொன்னா ஊரே நம்புது, நான் நம்ப மாட்டேனா?"

அறையில் மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தொலைபேசி வழியாக.

* எலிக்குச்சி என்று ஒன்றும் கிடையாது. மௌஸ் என்று எழுதியிருக்கலாம். பதற்றத்தில் வந்துவிட்டது, இருக்கட்டும்.

7

வாழ்நாள் முழுக்க யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தவள் நான். எதிர்வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தான், மூன்றாம் வீட்டில் ஏன் திரை மாறியது, யார் யாரோடு பேச்சில்லை, எல்லாம் என்னிடம் இலவசம். அன்றைக்கு முதல்முறையாக ஒருத்தி கேட்டாள். கேட்டது என் பல்லைப் பற்றியும்கூட.

அண்ணி கோப்புறையைத் தேர்ந்தாள். அது நீலமாகியது. அவள் விரல் விசைப்பலகையின் மேல் நின்றது. ஆறப்போடு திருப்புளியைத் திரும்பவும் வாயில் கவ்விக்கொண்டார்.

"காலாவதி ஆகப்போகுது" என்றாள் நாத்தனார். அழித்தால் போவது அவள் சிரிப்புதானே. பேருந்தில் எதிரே இருந்து சிரித்த பெண் ஒரு நாள் இருக்க மாட்டாள். பழக்கடையில் பார்த்தவர் பல்லை மாற்றிவிடுவார். அப்புறம் அது அவள் ஒருத்தியிடம் மட்டும் இருக்கும், அதுவும் கொஞ்ச காலம். அதை அவள் யோசித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் யோசித்தேன். ஆனால் அது என் பல்லின் யோசனையாகவும் இருக்கலாம்.

அண்ணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது என்று எழுதினேன், அடித்துவிட்டேன். மிரட்டல் என்று எழுதினேன், அதுவும் இல்லை. அவள் என்னைப் பார்த்தது, தலையைத் தாங்கிப் பிடித்த அன்று பார்த்த மாதிரி இருந்தது. 'வலிக்குதா?' என்று.

பிறகு அவள் விரல் அசைந்தது. என்ன செய்தது என்பதை நான் பார்த்தேன். திரைக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றது நான் மட்டும்தான்.

"அக்கா" என்றது தொலைபேசி. "நீங்க சொல்லுங்க. அழிச்சாச்சா?"

வாயிலிருந்து கையை எடுத்தேன். ஒரே ஒரு சொல் சொன்னேன். முன்பல் இல்லாமலும் சொல்லக்கூடிய சொல்தான்.

"சரி" என்றாள் நாத்தனார். அதை நம்பிச் சொன்னாளா, நம்பாமலே சொன்னாளா என்று அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன். அவள் அமுக்கினாள். திரையின் கீழ் மூலையில் இருந்த மங்கல் வரி மறைந்தது. இயங்குதளம் செயல்படுத்தப்பட்டது என்று பச்சை நிறத்தில் ஒரு குறி. கணினி தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்டது.

"மருந்து ஒழுங்கா சாப்பிடறீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார். இது கதைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, ஆனால் கேட்டாள். "சாப்பிடறேன்" என்றாள் அண்ணி. அதுவும் பொய். அதையும் நான் சொல்லவில்லை.

8

வாய்கள் எல்லாம் சாயங்காலத்துக்குள் லேபுக்குப் போய்விட்டன. லேப் வேறு ஆளைப் பார்க்கவில்லை. இதுவரை சொல்வேன்.

என் வாய் எந்தப் பல்லோடு போயிற்று என்று கேட்பீர்கள். ஒருவேளை நாத்தனாருடைய பல். ஒருவேளை அண்ணி அன்று மதியமே தன் வாயைப் படம் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் தன் முன்பற்களிலிருந்து எனக்கு ஒன்று செய்திருக்கலாம். ஒருவேளை ஓட்டையோடே இருக்கிறேன். இவ்வளவு நேரம் உங்களோடு பேசியும் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை பாருங்கள். எழுத்தில் பல் தெரியாது, எழுதுகிறவர்களுக்கு அது ஒரு சௌகரியம்.

பார்த்ததைச் சொல்லாமல் விடுவது எனக்கு இது முதல் தடவை. எத்தனை முறை இந்த இடத்தில் அந்தச் சொல்லை எழுதி எழுதி அடித்தேன் தெரியுமா. ஆனால் என்னிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டவள் ஊரையெல்லாம் கேட்கவில்லை, என்னை நம்பிக் கேட்டாள். அவளுக்குச் சொன்னது அவளோடு இருக்கட்டும்.

உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. தெருவில் எங்காவது என்னைப் பார்த்தால் ஒரு ஜோக் சொல்லுங்கள். நல்ல ஜோக்காக இருக்கட்டும், அரைகுறைக்கெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை. சிரித்தேனென்றால், அதிக நேரம் இருக்காது, சட்டென்று கை மேலே போய்விடும், அதற்குள் இடது முன்பல்லின் வெளியோரம் அரிசிமுனை அளவு சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.